சித்திரையில் ஒரு பழம் பத்து ரூபாய்

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். பத்து மணிக்கே கோயில் வாசலில் அந்த அம்மா சாக்கை விரித்துவிடுவார். பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தூக்கு, ஒரு சின்னக் கத்தி, திரிக்கட்டு, நெய் என்று சொல்லி விற்கும் எண்ணெய் ஒரு பாட்டில். எலுமிச்சையைக் குறுக்கே அறுப்பார். இரண்டு மூடியையும் தூக்குக்குள் பிழிவார். கட்டைவிரலால் தோலை உள்வெளியாகத் திருப்பினால் குட்டி அகல் ஒன்று வந்துவிடும். துர்க்கை சந்நிதிக்கு விளக்கு தயார். தூக்கில் சேர்ந்த சாறு மதியம் மருமகனின் ஜூஸ் வண்டிக்குப் போய்விடும். தோல் அம்மனுக்கு, சாறு பஸ் ஸ்டாண்டுக்கு. ஒரே பழத்தை இரண்டு முறை விற்கத் தெரிந்தவர் எனக்குத் தெரிந்து காஞ்சிபுரத்தில் அவர் ஒருவர்தான்.

2022 சித்திரையில் அவர் விளக்கு ஒன்றுக்குப் பத்து ரூபாய் கேட்டார். அதற்கு முன் பத்து ரூபாய்க்கு மூன்று.

"என்னம்மா, இப்படி ஏத்திட்டீங்க?"

"நான் என்னா சாமி பண்றது? பழமே ஒண்ணு பத்து ரூபாய்க்குத் தர்றான். வேணும்னா மண் அகல்ல ஏத்திட்டுப் போ. துர்க்கை ஒண்ணும் கோச்சுக்க மாட்டா."

அந்த மாதம் அவர் சாக்கில் மண் அகலும் இருந்தது.

தங்கம் இன்றைக்கு என்ன விலை என்று எவரைக் கேட்டாலும் சொல்லும் ஊர் இது. தங்கமும் வெள்ளியும் ஏறினால் ஜரிகை ஏறும், ஜரிகை ஏறினால் சேலை ஏறும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எலுமிச்சை எதனால் ஏறுகிறது, எதனால் இறங்குகிறது என்று கேட்டால் "வெயில்பா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வெயில் பாதிக் காரணம்தான். மீதிப் பாதியைத் தேடிப் போனால் அது முந்தின ஐப்பசி மழையில் தொடங்கி, ரஷ்யச் சுரங்கத்து உரத்தைத் தொட்டு, முள் குத்திய விரல் வரைக்கும் போகிறது.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். நாம் எலுமிச்சை என்பது மெல்லிய தோலும் மிகுந்த சாறும் கொண்ட உருண்டைச் சிறுபழம். மேல்நாட்டுப் படங்களில் மூக்கு நீண்டு, தோல் தடித்து வரும் பழம் வேறு இனம். அரசுக் கணக்கில் இரண்டும் ஒரே தலைப்பில் வரும். 2022-இல் விலை ஏறியபோது எல்லோரும் எடுத்துக்காட்டிய கணக்குப்படி நாடு முழுவதும் 3.17 லட்சம் ஹெக்டேரில் சாகுபடி, ஆண்டுக்கு 37.17 லட்சம் டன் விளைச்சல். ஆந்திரம்தான் முதலிடம், அங்கு மட்டும் சுமார் 45,000 ஹெக்டேர். இதில் வெளிநாட்டுக்குப் போவது சொற்பம். விளைவதில் பெரும்பகுதியை நாமே பிழிந்து குடித்து, ஊறுகாய் போட்டு, மாலை கட்டி, புது வண்டிச் சக்கரத்தின் கீழ் வைத்து நசுக்கித் தீர்த்துவிடுகிறோம். ஆகவே பழத்தின் விலையை உலகச் சந்தை தீர்மானிக்கிறது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

காஞ்சிபுரத்துக்கு எலுமிச்சை இரண்டு திசையிலிருந்து வரும். வடக்கே நெல்லூர் வட்டாரத்துக் கூடூர், பொதலகூர். தெற்கே தென்காசி மாவட்டத்துப் புளியங்குடி. கூடூர்ச் சரக்கு பெரும்பாலும் டெல்லிக்கும் வடநாட்டுக்கும் லாரி ஏறும். புளியங்குடிச் சரக்குக்குக் கேரளம் பெரிய வாடிக்கை. இடையில் சென்னைக் கோயம்பேட்டில் இறங்குவதில் ஒரு பங்கு நம் ஊர் மார்க்கெட்டுக்கு வரும். வடக்கே வெயில் கொளுத்தி டெல்லிக்காரன் கூடுதலாகக் கேட்டால் கூடூர் மூட்டை இந்தப் பக்கம் திரும்பாது. கேரளத்தில் மழை பிடித்துக்கொண்டு கேட்பு குறைந்தால் புளியங்குடி மூட்டை இங்கே வந்து குவியும். ஆக, காஞ்சியில் எலுமிச்சை விலையை வைப்பது பெரும்பாலும் காஞ்சியில் இல்லாத மனிதர்களின் தாகம்.

இனி மரத்துக்கு வருவோம். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

எலுமிச்சை ஆண்டு முழுவதும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கும். ஆனால் சரமாகப் பூ எடுப்பது மூன்று பருவத்தில். வடநாட்டுத் தோட்டக்கலைக்காரர்கள் இதை 'பஹார்' என்பார்கள். தை, மாசியில் பூப்பது அம்பே. அதன் காய் ஆனி, ஆடி, ஆவணியில் வரும். ஆனி, ஆடியில் பூப்பது மிருக். அதன் காய் கார்த்திகை, மார்கழியில். புரட்டாசி, ஐப்பசியில் பூப்பது ஹஸ்தம். அதன் காய்தான் பங்குனி, சித்திரை வெயிலில் சந்தைக்கு வருவது. ஆண்டு விளைச்சலைப் பத்துப் பங்காகப் பிரித்தால் ஆறு பங்கு அம்பேயில், மூன்று பங்கு மிருகில், ஒரு பங்குதான் ஹஸ்தத்தில் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. நாடே தொண்டை வறண்டு கேட்கும் நேரத்தில் மரம் பத்தில் ஒரு பங்குதான் தருகிறது. தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை தனி என்பதால் இந்தக் கணக்கு சற்று முன்பின் நகரும். ஆனாலும் கோடையில் காய் குறைவு, ஆடியில் குவியல் என்பது இங்கும் மாறுவதில்லை.

சரமாகப் பூக்க மரத்தை வாட்டவேண்டும். தண்ணீரை நிறுத்தி, மண்ணைக் காயவிட்டு, இலை கொஞ்சம் சுருண்டு சில இலை உதிர்ந்தபின் மறுபடி பாய்ச்சினால் மரம் பயந்துபோய்ப் பூத்துத்தள்ளும். தை மாசியில் இது சுலபம், வானமே தண்ணீரை நிறுத்திவிடுகிறது. ஆவணி புரட்டாசியில் நீங்கள் வாய்க்காலை அடைத்தாலும் மேலிருந்து கொட்டுவதை அடைக்க முடியாது. அதனால்தான் ஹஸ்தப் பூ அரிது. ஆராய்ச்சி நிலையங்கள் இதற்கு மருந்துவழி சொல்கின்றன: ஜூனில் ஜிப்ரலிக் அமிலம் தெளித்து மிருக் பூவைத் தடுப்பது, செப்டம்பரில் சைக்கோசெல் தெளித்துத் துளிர் ஓடாமல் அடக்குவது, அக்டோபரில் பொட்டாசியம் நைட்ரேட் தெளித்துப் பூவைத் தூண்டுவது. மூன்று தெளிப்பு, மூன்று முறை கூலி, மூன்று முறை மருந்துச் செலவு. இத்தனைக்குப் பிறகும் அக்டோபரில் ஒரு வாரம் அடைமழை பிடித்தால் பூ போய்விடும். சித்திரைப் பழத்தின் விலையில் இந்தச் சூதாட்டத்தின் விலையும் அடங்கியிருக்கிறது.

2021-இல் நடந்தது அதுதான். செப்டம்பர், அக்டோபரில் எலுமிச்சை விளையும் மாநிலங்களில் மழை விட்ட பாடில்லை. மண் காயவே இல்லை. மரம் வாடவில்லை, ஹஸ்தப் பூ சரியாக எடுக்கவில்லை. எடுத்த கொஞ்சமும் உதிர்ந்தது. நவம்பர் 18, 19 தேதிகளில் வங்கக்கடல் தாழ்வு மண்டலம் ஒன்று சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. அதே மழையில்தான் கடப்பைப் பக்கம் அன்னமய்யா அணை உடைந்தது. நெல்லூர், சித்தூர் பக்கமெல்லாம் வெள்ளம். நமக்கும் அந்த இரண்டு நாள் நினைவிருக்கும். பாலாறு இரண்டு கரையும் தொட்டு ஓடியது, தரைப்பாலங்களைத் தண்ணீர் மூழ்கடித்தது, வேகவதிக் கரை வீடுகளுக்குள் புகுந்தது. பாலாற்றில் தண்ணீரைப் பார்க்கக் குடும்பத்தோடு போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தோம். அந்தத் தண்ணீரில் ஐந்து மாதம் கழித்து வரப்போகும் எலுமிச்சையும் சேர்ந்து போய்க்கொண்டிருந்தது நமக்குத் தெரியவில்லை.

சரி, ஹஸ்தம் போனால் அம்பே இருக்கிறதே என்று பார்த்தால், 2022 பிப்ரவரி கடைசியிலேயே வெயில் தொடங்கிவிட்டது. அந்த மார்ச் மாதத்தின் சராசரி உச்ச வெப்பம் நாடு முழுவதற்குமாகச் சேர்த்து 33.1 டிகிரி. 1901 முதல் 122 ஆண்டுப் பதிவில் அதுவே மிகச் சூடான மார்ச் என்றது வானிலைத் துறை. பிஞ்சு பிடிக்கும் நேரத்தில் இப்படிக் காய்ந்தால் எலுமிச்சை பிஞ்சை உதிர்த்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். இரண்டு பருவமும் அடுத்தடுத்து அடிபட்டன. ஏப்ரல் 3-இல் ரம்ஜான் நோன்பு தொடங்கியது, கோயில் திருவிழாக்களும் அதே மாதத்தில். டெல்லியில் கிலோ 300 ரூபாய்க்கு மேல், சென்னையில் 200-ஐத் தொட்டது. உத்தரப் பிரதேசத்து ஷாஜகான்பூரில் கிடங்கிலிருந்து 60 கிலோ எலுமிச்சையைத் திருடிப்போனது செய்தியானது அந்த மாதம்தான். தக்காளிக்குக் காவல் போட்ட காலம் அடுத்த ஆண்டு வந்தது, எலுமிச்சை முந்திக்கொண்டது.

விலை ஏறிய மாதத்தில் விவசாயிக்கு யோகம் என்று நினைப்போம். மரத்தில் காய் இருந்தவனுக்கு யோகம்தான். ஆனால் காய் இல்லாததால்தானே விலை ஏறியது? நூறு மரத்தில் பத்து மூட்டை வரவேண்டிய இடத்தில் இரண்டு மூட்டை வந்தால், விலை ஐந்து மடங்கு ஏறினால்தான் பழைய வருமானம். அதற்குள் செலவு பழைய செலவாக இருப்பதில்லை.

சாம்பல் சத்து தரும் பொட்டாஷ் உரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காய் பெருக்கவும் சாறு கூடவும் எலுமிச்சைக்கு இது வேண்டும். இந்தியாவில் பொட்டாஷ் சுரங்கம் கிடையாது. ரஷ்யா, பெலாரஸ், கனடா என்று முழுக்க இறக்குமதி. 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்த 50 கிலோ மூட்டை, 2022 தொடக்கத்தில் 1,700 ரூபாய் ஆனது. பிப்ரவரியில் உக்ரைன் போர் வேறு. டி.ஏ.பி. உரத்துக்கு அரசு மானியத்தைக் கூட்டி விலையைப் பிடித்துநிறுத்தியது, பொட்டாஷுக்கு அந்த அளவு கவனிப்பு இல்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் சென்னையில் டீசல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது. கூடூரிலிருந்து டெல்லிக்குப் போகும் லாரிக்கும் புளியங்குடியிலிருந்து கோயம்பேட்டுக்கு வரும் லாரிக்கும் அதே டீசல்தான்.

தண்ணீர்ச் செலவு தமிழ்நாட்டில் வேறு விதமானது. பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம் என்பதால் கரண்ட் பில் யாருக்கும் வலிப்பதில்லை. வலிப்பது போர்வெல். கோடையில் கிணறு வற்றினால் போர் போடவேண்டும், போர் வற்றினால் இன்னும் ஆழப்படுத்தவேண்டும், தண்ணீர் வராவிட்டால் அந்தப் பணம் மண்ணுக்குள் போய்விடும். காய்கறி போட்டவன் தண்ணீர் இல்லையென்றால் ஒரு பருவம் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிடலாம். எலுமிச்சை நட்டவனால் முடியாது. நட்டு நான்கைந்து ஆண்டு கழித்துத்தான் அது ஒழுங்காகக் காய்க்கத் தொடங்கும், பிறகு பதினைந்து இருபது ஆண்டு நிற்கும். ஒரு கோடை தண்ணீர் காட்டாமல் விட்டால் பத்து ஆண்டு உழைப்பு பட்டுப்போகும். அதனால் கடன் வாங்கியாவது டேங்கர் தண்ணீர் ஊற்றி மரத்தைக் காப்பாற்றுகிறார்கள். அந்த ஆண்டு அந்த மரம் ஒரு பைசா தராது என்பது தெரிந்தே.

அப்புறம் பறிகூலி. எலுமிச்சை மரத்தில் கிளைக்குக் கிளை முள். தொரட்டியால் இழுத்தால் தோலில் கீறல் விழும், கீறல் விழுந்த காய் மூட்டைக்குள் அழுகி பக்கத்துக் காயையும் கெடுக்கும். கையால்தான் பறிக்கவேண்டும். ஒரு நாள் பறித்துவிட்டு வந்த கையைப் பார்த்திருக்கிறேன். மணிக்கட்டு வரைக்கும் சிவப்புக் கோடுகள், அதன்மேல் சாறு பட்டு எரியும். இந்த வேலைக்கு ஆள் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு அருகி வருகிறது, கிடைக்கிறவர்கள் கூடுதலாகக் கேட்பதும் நியாயம்.

இப்போது ஒரு மனக்கணக்கு. பறிகூலி, தரம்பிரிப்பு, சாக்கு, வண்டிவாடகை, மண்டிக் கமிஷன் எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு எட்டு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிலோ நூறுக்குப் போகும்போது அந்த எட்டு கண்ணில் படாது. ஆடியில், கார்த்திகையில் காய் குவிந்து கிலோ பதினைந்துக்கு இறங்கும்போது? மிச்சம் ஏழு ரூபாயில் உரம், மருந்து, தண்ணீர், வட்டி, வீட்டுச் சாப்பாடு. எட்டுக்கும் கீழே இறங்கினால் பறிக்காமல் மரத்தடியில் உதிரவிடுவதே லாபம். உதிர்ந்து கிடக்கும் எலுமிச்சையைப் படம்பிடித்து டிவியில் போடுவார்கள், நாம் உச்சுக்கொட்டுவோம். விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குகிறது, செலவு ஏறினால் ஏறினதுதான். இந்தத் தொழிலின் சிக்கல் முழுவதையும் நான் இந்த ஒரு வரியில்தான் பார்க்கிறேன். வானிலை என்பது விலையை ஆட்டுகிறது, செலவு என்பது அந்த ஆட்டத்தின் அடிமட்டத்தை ஆண்டுதோறும் விவசாயியின் கழுத்துக்குக் கிட்டே கொண்டுவருகிறது.

ஒரே ஓர் ஆறுதல் ஆடி மாதம். அம்பேக் காய் மலைபோல் குவியும் அதே நேரத்தில் தமிழ்நாட்டு அம்மன் கோயில்கள் எல்லாம் எலுமிச்சை மாலை கேட்கும். 108 பழ மாலை, 1,008 பழ மாலை, திரிசூலம் தோறும் ஒன்று, வேப்பிலையோடு ஒன்று. எந்த வேளாண் துறையும் வகுக்காத கொள்முதல் திட்டம் இது. நம் அம்மன்கள் ஆடியில் எலுமிச்சை கேட்காமல் விட்டால் மண்டியில் விலை இன்னும் கீழே போயிருக்கும் என்பது என் கட்சி. ஆனால் அம்மன் கேட்பது மாசில்லாத பழம். மழை கூடினால் சொறிநோய் கூடும், தோலில் பழுப்புத் தடிப்பு விழும். உள்ளே சாறு குறையாது, ஜூஸ் கடைக்கு ஆட்சேபம் கிடையாது, மாலை கட்டுகிறவர் தொடமாட்டார். தடிப்பு விழாமலிருக்கத் தாமிர மருந்து தெளிக்கவேண்டும், மழை கழுவினால் மறுபடி தெளிக்கவேண்டும். தோல் வழவழப்புக்குச் செய்யும் செலவு அது.

பட்டையும் எலுமிச்சையையும் சேர்த்து யோசிக்காமல் இந்த ஊரில் இருக்கமுடியாது. பட்டு நூலைச் சாயம் போட்டபின் லேசான புளிப்புத் தண்ணீரில் அலசினால்தான் அதற்கு அந்தச் சலசலப்பு வரும். சேலை மடிப்பை விரலால் தேய்த்துப் பார்க்கிறோமே, அந்த ஓசை. அந்தப் புளிப்பு இன்று டப்பாவில் வரும் அமிலம். சிட்ரிக் ஆசிட் என்று பெயரளவில் எலுமிச்சையைச் சுமந்துகொண்டிருந்தாலும் அதில் எலுமிச்சை ஒரு சொட்டும் கிடையாது. முதல் உலகப் போருக்கு முன் உலகத்துக்கு வேண்டிய சிட்ரிக் அமிலம் ஏறக்குறைய முழுவதும் இத்தாலி எலுமிச்சையிலிருந்துதான் போயிற்று. சிசிலித் தீவில் அதற்கென்றே தோட்டங்கள். போரில் தோட்டம் சீரழிந்து, விலை ஏறி, வரத்து நின்றது. 1917-இல் ஜேம்ஸ் கரி என்ற அமெரிக்கர், சர்க்கரையில் வளர்க்கும் ஒருவகைக் கரும்பூஞ்சை இந்த அமிலத்தைத் தாராளமாகச் சுரக்கும் என்று கண்டார். 1919-இல் பைசர் நிறுவனம் அந்த வழியில் உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. சிசிலிக்கு அந்தச் சந்தை திரும்பக் கிடைக்கவே இல்லை. விலை ரொம்ப ஏறினால் உலகம் எலுமிச்சைக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளும் என்பதற்கு நூறு வயதான சாட்சி அது. 2022 சித்திரையில் நம் ஊர் ஓட்டல்களில் சிலவற்றில் எலுமிச்சை சாதத்தின் புளிப்பு நாக்கின் நுனியிலேயே நின்றுவிட்டதைக் கவனித்தவர்களுக்கு மேலே சொல்லவேண்டியதில்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பட்டு நூலை விலை இறங்கினால் பெட்டியில் வைத்துப் பூட்டலாம், ஜரிகையை வைக்கலாம், நெய்த சேலையை வைக்கலாம். முதல் போட்டவருக்குப் பொறுமை இருந்தால் சரக்கு காத்திருக்கும். (காத்திருக்க முடியாதவர் நெசவாளி, அவர் கதை வேறு.) எலுமிச்சை சாதாரண வெப்பத்தில் பத்து நாளில் சுருங்கும். 9, 10 டிகிரியில், காற்றில் ஈரம் குறையாமல் வைத்தால் ஆறு வாரத்துக்குக் குறையாமல் தாங்கும். அப்படிப்பட்ட குளிர்க்கிடங்கு விளையும் ஊர்களில் போதிய அளவு இருந்தால் மாசிக் கடைசியில் பறித்த காய் சித்திரை வரைக்குமாவது காத்திருக்கும். கிடங்குக்கு மின்சாரம் இலவசமில்லை, வாடகை உண்டு, விலை ஏறுமென்று உறுதியும் இல்லை. ஆகவே சேமித்து வைப்பவர் வியாபாரியாகத்தான் இருப்பார்.

வானிலையும் செலவும் போதாதென்று நோய் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நமக்குக் கிட்டே உள்ள உதாரணம் கொடைக்கானல் கீழ்மலை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பிச் செடிகளுக்கு நடுவே கமலா ஆரஞ்சு காய்த்துக் குலுங்கிய காலம் ஒன்று உண்டு. சில்லிட் என்ற சிறு பூச்சி கொண்டுவரும் கிரீனிங் நோயும், அசுவினி கொண்டுவரும் ட்ரிஸ்டிசா வைரஸும் அந்தத் தோப்புகளைத் தின்றுவிட்டன. குடகு ஆரஞ்சுக்கும் ஏறக்குறைய அதே கதி. அதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, பழத்தைத்தான் தேடவேண்டும். கிரீனிங் வந்த மரத்தைக் காப்பாற்ற மருந்து கிடையாது. வெட்டி எரித்து, நோயில்லாத கன்று வாங்கி, பூச்சியைத் தொடர்ந்து அடக்கவேண்டும். எல்லாம் பணம். அந்தப் பணத்துக்கு மிளகு நட்டால் என்ன, அவகாடோ நட்டால் என்ன என்று மலைக்காரர்கள் கேட்டார்கள், நட்டும்விட்டார்கள்.

பணக்கார நாடு என்றால் தப்பிக்குமா? அமெரிக்காவின் புளோரிடாவில் கிரீனிங் கண்டுபிடிக்கப்பட்டது 2005-இல். அதற்குச் சற்று முன் ஆண்டுக்கு 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு பறித்த மாநிலம் அது. 2023-24-இல் 2 கோடிப் பெட்டிகூட இல்லை. இடையில் 2022-இல் இயான் புயல், பிறகு 2024-இல் மில்டன் புயல். பிரேசிலிலும் வறட்சி, வெயில், அதே நோய். 2024 இறுதியில் உறைந்த ஆரஞ்சுச் சாறு பவுண்டு 5 டாலரைத் தாண்டி வரலாறு காணாத விலைக்குப் போயிற்று. அடுத்த சில மாதத்தில் பாதிக்கும் கீழே இறங்கியது. ஏனென்றால் அந்த விலையில் காலை வேளை ஆரஞ்சு ஜூஸ் குடிக்கும் பழக்கத்தையே பலர் விட்டுவிட்டார்கள். சிசிலிக்கு நடந்தது சிறு அளவில் மறுபடி நடந்தது.

நம் நாட்டிலேயே நாக்பூர் ஆரஞ்சுக்காரர்களுக்கு மழையும் காய் உதிர்வும் ஒரு பக்கம், வங்கதேசம் இறக்குமதி வரியைப் படிப்படியாக ஏற்றியது இன்னொரு பக்கம். அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர் வங்கதேசம்தான். வரி என்பது வானிலைபோல விவசாயி கையில் இல்லாத இன்னொரு மழை.

இனி செய்யக்கூடியது என்ன? செய்திருப்பதிலிருந்தே பார்க்கலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1 ரகம் பெரிய பழம், நல்ல சாறு. தமிழ்நாட்டில் பரவலாக நட்டிருக்கிறார்கள். சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. போர்வெல்லின் ஆயுளைக் கூட்டுவதில் இதைவிடப் பயனுள்ளது எனக்குத் தெரிந்து வேறில்லை. 2025-இல் புளியங்குடி எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் காஞ்சிப் பட்டுக்கு அந்தக் குறியீடு வந்து இருபது ஆண்டு ஆகிறது. அதன் பலனைப் பற்றி இங்கே தறிக்குழியில் காலை வைத்திருப்பவர்களைக் கேட்டால் ஒரு சிரிப்பு வரும். சேலைக்காவது முத்திரை குத்தலாம், ஓரத்தில் அட்டை தொங்கவிடலாம். சாக்கு மூட்டையில் கூடூர்ப் பழத்தோடு கலந்து கிடக்கும் எலுமிச்சையில் எதைக் குத்துவது?

எனக்குப் பட்டதைச் சொன்னால், புது ரகத்தைவிட, குறியீட்டைவிட, விளையும் ஊரிலேயே காயைக் காத்திருக்க வைக்கும் வசதிதான் முதலில் வேண்டும். குளிர்க்கிடங்கு ஒன்று, சாறெடுத்துப் பதப்படுத்தும் சிறு ஆலை ஒன்று, விவசாயிகள் கூட்டாக நடத்துவதாக. கிலோ எட்டு ரூபாய்கூடப் போகாமல் உதிரவிடும் காயைப் பன்னிரண்டுக்கு வாங்கிச் சாறாக்கினாலே அடிமட்டம் கொஞ்சம் உயரும். வானத்தை யாரும் திருத்தமுடியாது. ஐப்பசி மழை இன்னும் முரடாகும், மாசி இன்னும் சீக்கிரம் காயும் என்றுதான் வானிலை அறிந்தவர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் நல்ல ஆண்டின் மிச்சத்தைக் கெட்ட மாதத்துக்குக் கடத்துவது ஒன்றே கையில் இருப்பது.

போன ஆடி வெள்ளியில் கோயில் வாசலில் எலுமிச்சை கூடைகூடையாகக் கிடந்தது. மாலை கட்டுகிறவர் தரையில் உட்கார்ந்து ஊசியால் சரம் கோத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா பத்து ரூபாய்க்கு நான்கு விளக்கு தந்தார். சாக்கில் மண் அகல் இல்லை.

"இவ்வளவு மலிவா கிடைக்குதே, சித்திரைக்குக் கொஞ்சம் எடுத்து வைக்கக்கூடாதாம்மா?"

"எடுத்து வைக்கலாம் சாமி," என்றார், கையிலிருந்த மூடியை உள்வெளியாகத் திருப்பியபடி. "ஊறுகாயாதான் வைக்கணும்."